பழைய படகுக்குப் புது என்ஜின்: என் கருத்து



1780-ல் திப்புவின் ராக்கெட் பறந்த புள்ளலூரில் உட்கார்ந்துகொண்டு இந்த வாத்தியார் படகைப் பற்றி எழுதுகிறாரே என்று உறவுக்காரர்கள் சிரிக்கலாம். நம் ஊரில் ஏரி உண்டு, கடல் இல்லை. ஆனால் என் பணிக்காலத்தில் சில ஆண்டுகள் கடலோரப் பள்ளியில் கழிந்தன. செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019-ல்தான். அதற்கு முன்பு கோவளமும் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் நம் காஞ்சிபுரம் மாவட்டம்தானே. அங்கே என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று பைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் சென்ற வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டார். "சார், படகு பழசு. பத்து எச்.பி. டீசல் என்ஜின் ஓய்ந்துவிட்டது. பையன் இருபத்தைந்து எச்.பி. போடலாம் என்கிறான். வியாபாரி முன்பணம் தருகிறேன் என்கிறார். என்ன செய்யட்டும்?"

அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: என்ஜினை மாற்று. குதிரைத்திறனை மாற்றாதே. முன்பணத்தைத் தொடாதே.

முதலில் கணக்கு. பத்தாம் வகுப்பில் வர்க்கமூலம் எதற்கு சார் என்று கேட்டவர்கள் இப்போது கவனிக்கவும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு ஒரு வேக எல்லை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வில்லியம் புரூட் என்ற பொறியாளர் தொட்டியில் மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து ஆராய்ந்த விஷயம் இது. தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் கடல் மைல் கணக்கில் வேகம் வரும். 25 அடி என்றால் வர்க்கமூலம் 5. வேகம் மணிக்கு 6.7 கடல் மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு மேல் போக முயன்றால் படகு தானே எழுப்பிய அலை மீது ஏறப் பார்க்கும். எரிபொருள் குடிக்கும், வேகம் ஏறாது.

"சார், காலிப் படகு அதைவிட வேகமாகப் போகிறதே" என்பீர்கள். உண்மை. பைபர் படகு ஒல்லி, எடை குறைவு. ஆனால் வலை, ஐஸ், மீன், ஆள் எல்லாம் ஏறிய பிறகு அது அமுங்கித்தான் போகிறது. நம் பிழைப்பு காலிப் படகில் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவர்கள் ஏரியில் ஸ்கீ படகு பார்த்திருப்பீர்கள். கயிறு கட்டி ஆளை இழுத்துக்கொண்டு ஓடுமே, அது வேறு சாதி. தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும்படி அதன் அடிப்பாகம் அமைந்திருக்கிறது. அதற்குப் பெரிய என்ஜின் நியாயம். அங்கேகூட பழைய ஸ்கீ படகுக்கு என்ஜின் மாற்றுபவர்கள் எடை, கியர் விகிதம், புரொப்பல்லர் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். விளையாட்டுப் படகுக்கே அந்தக் கவனம் தேவை என்றால், சோறு போடும் படகுக்கு எவ்வளவு வேண்டும்?

இரண்டாவது, எண்ணெய்க் கணக்கு. பத்து எச்.பி. டீசல் என்ஜின் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 2 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும். இருபத்தைந்து எச்.பி. முழுதாக ஓடினால் 5 லிட்டருக்கு மேல். என்ஜின் பொருத்திய நாட்டுப்படகுக்கு ஆண்டுக்கு 4,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் என்று இருந்தது. 2023-ல் அது 4,400 லிட்டராக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. மாதத்துக்குப் பங்கு போட்டால் 366 லிட்டர். முழுச் சுமை என்று வைத்துக்கொண்டால் சின்ன என்ஜினுக்கு அது 160 மணி நேரத்துக்கு வரும். பெரியதற்கு 70 மணி நேரம்கூடத் தாங்காது. மீதியை முழு விலை கொடுத்துதான் வாங்க வேண்டும். வலையில் மீன் விழாத நாளிலும் என்ஜின் டீசல் குடிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, எடை. உங்கள் குப்பங்களில் துறைமுகம் கிடையாது. அலையைத் தாண்டிப் போய், அலையோடு வந்து மணலில் ஏற வேண்டும். பின்பக்கம் கனமான என்ஜின் உட்கார்ந்தால் பின்புறம் தாழும், மூக்கு தூக்கும். கரை ஏறும் நேரத்தில் பின்னால் வரும் அலை உள்ளே விழும். நீளத் தண்டு வைத்த என்ஜினைக் கரை வரும்போது தூக்கிவிடலாம் என்பதுதான் அதன் சௌகரியம். தூக்க முடியாத எடையை மாட்டிவிட்டு அந்தச் சௌகரியத்தை இழப்பானேன்?

இனி, செய்ய வேண்டியது என்ன?

புது என்ஜின் விலை கேட்பதற்கு முன் பழைய படகைத் தட்டிப் பார். பின்பலகையையும் என்ஜின் உட்காரும் இடத்தையும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வா. கணீர் என்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் பைபருக்கு உள்ளே இருக்கும் மரம் தண்ணீர் குடித்து உளுத்திருக்கிறது என்று பொருள். அங்கே புது என்ஜினை போல்ட் போட்டால் ஓராண்டில் ஆட்டம் காணும். அடிப்பாகம் பல இடங்களில் போயிருந்தால் என்ஜினுக்குப் போடும் பணம் வீண். வேறு படகு பார்ப்பதே புத்தி. 2004 சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் வந்த பைபர் படகுகளில் தரம் குறைந்தவையும் இருந்தன. வயதான படகு என்றால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதே.

அடுத்து, பழைய என்ஜின் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார். கறும்புகை வந்தால் நாசில் அழுக்கு, அல்லது அளவுக்கு மீறிய சுமை. நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், பிஸ்டன் தேய்ந்திருக்கும். பிளாக்கும் கிராங்கும் நன்றாக இருந்தால் போரிங் செய்து, பிஸ்டன், ரிங், நாசில் மாற்றி இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். உப்பு அரித்து பிளாக்கே போயிருந்தால் மட்டும் புதியது வாங்கு. வாங்கும்போது பழைய புரொப்பல்லரை அப்படியே மாட்டிவிடாதே. புது என்ஜினின் சுற்று வேகத்துக்கு அது பொருந்த வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் என்ஜின் தன் வேகத்தை எட்டாமல் கறும்புகை தள்ளினால் புரொப்பல்லர் பெரிது என்று அறிந்துகொள்.

படகுப் பதிவில் என்ஜின் விவரமும் இருக்கும். மீன்வளத்துறை அலுவலகத்தில் சொல்லி மாற்றிக்கொள். மானியத்தில் என்ஜின் கிடைக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கடைக்குப் போ.

இப்போது அந்தப் பையனின் வாதத்துக்கு வருகிறேன். அவனை நான் குறை சொல்லவில்லை. பெரிய என்ஜின் இருந்தால் முதலில் கரை வரலாம், முதல் ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும், காற்று திரும்பினால் சீக்கிரம் தப்பலாம் என்கிறான். முதல் ஆளுக்கு அது நடக்கும். பக்கத்து வீட்டுக்காரனும் கடன் வாங்கி அதே என்ஜினைப் போட்ட நாளில், யார் முந்தியிருந்தார்களோ அதே வரிசைதான் மறுபடி. எல்லோர் தலையிலும் கடன் மட்டும் கூடியிருக்கும். காற்றுக்குத் தப்ப வேகத்தைவிட, நடுக்கடலில் நின்றுபோகாத என்ஜின் முக்கியம். ஒழுங்காகச் சர்வீஸ் செய்த பத்து எச்.பி.யும், வானிலை எச்சரிக்கையைக் கேட்கும் காதும், போட்டுக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்டும்தான் உயிரைக் காக்கும்.

விசைப்படகுகளில் இந்தப் போட்டி எங்கே போய் நின்றது என்று பாருங்கள். அதிவேக சீன என்ஜின் வைத்த படகுகளை எதிர்த்து காசிமேட்டிலும் மற்ற ஊர்களிலும் மீனவர்களே போராடினார்கள். கடைசியில் 240 குதிரைத்திறனுக்கு மேல் கூடாது என்று விதி போட வேண்டியிருந்தது. சிறு படகுக்காரர்களுக்காகக் கரையோரக் கடலில் 3 கடல் மைலை ஒதுக்கி வைத்தது 1983-ஆம் ஆண்டுச் சட்டம். பெரிய என்ஜினின் பாதிப்பு யார் மேல் விழும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

நம் ஊர் உறவுகளுக்கு இது புதிய கதை அல்ல. கவலை ஏற்றம் போய் ஆயில் என்ஜின் வந்தது. அது போய் கரண்ட் மோட்டார் வந்தது. மூன்று எச்.பி. ஐந்தானது, ஐந்து ஏழரையானது. பக்கத்து நிலத்துக்காரர் போர் போட்டார், நாமும் போட்டோம். தண்ணீர் கூடியதா? கீழே போனது. கிணறுகள் இன்று முள் மண்டிக் கிடக்கின்றன. மோட்டார் பெரிதாவதால் ஊற்று பெரிதாவதில்லை. கடலும் அப்படித்தான்.

கடைசியாக முன்பணம். வியாபாரி தரும் பணத்துக்குப் பத்திரம் இல்லை, வட்டி இல்லை என்று இனிக்கும். ஆனால் கடன் தீரும்வரை மீனை அவரிடமே போட வேண்டும். விலையும் கழிவும் அவர் சொல்வதுதான். பத்து ரூபாய் கூடக் கொடுப்பவர் பக்கத்தில் நின்றாலும் உன்னால் விற்க முடியாது. கூட்டுறவுச் சங்கம், வங்கி என்று அலைவது சிரமம்தான். அலையலாம். அலைந்து வாங்கிய கடனுக்கு அடைத்து முடிக்கும் நாள் என்று ஒன்று இருக்கும்.

அந்தத் தம்பி பின்பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பத்து எச்.பி.யிலேயே போரிங் செய்தவர்கள், புதிது வாங்கியவர்கள், பெரியது போட்டு லாபம் கண்டவர்கள் யாராக இருந்தாலும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். டீசல் செலவையும் சேர்த்து எழுதினால் அவருக்கு உதவியாக இருக்கும். என் கணக்கில் பிழை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். இப்போது உங்களுக்கு மார்க் போடும் அதிகாரம் என்னிடம் இல்லை!

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
புள்ளலூர்