லயத்து முகவரிக்கு வியாபாரப் பதிவு எப்போது?

ஆசிரியருக்கு,

இலங்கையில் தனியொருவர் சிறு தொழில் தொடங்கப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் போதும். கேட்கப்படும் ஆவணங்களில் இரண்டு முக்கியமானவை: கிராம அலுவலரின் அறிக்கை, தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று. சொந்த இடமானால் காணி உறுதி, வாடகையானால் ஒப்பந்தம். நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போன மாணவரின் தொழில் இந்த இரண்டாவது ஆவணத்தில் நின்றுவிடுகிறது.

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தின் அறைக்கு உறுதி கிடையாது. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் இருந்தவர்களுக்குக் காலடி நிலத்தை எழுதிக்கொடுக்க இரண்டு மாற்றத்திலும் எவருக்கும் தோன்றவில்லை. 7 பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு என்ற திட்டம் வந்த பிறகும் லயங்கள் காலியாகிவிடவில்லை. கடிதங்கள்கூடப் பல தோட்டங்களில் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேர்கின்றன.

முழுநேரம் படிப்பவருக்குத் தொழில் எதற்கு என்போர் கணக்குப் பார்க்கட்டும். மஹாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவானது. 2024 செப்டெம்பரில் நிர்ணயமான தோட்ட நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாவாக இருந்தது. அந்த மாதப் புலமைப்பரிசில் அன்று ஆறு நாள் கொழுந்து பறித்த சம்பளத்துக்கும் எட்டவில்லை. சாப்பாடு, போட்டோகொப்பி, பஸ் காசு எல்லாம் இதற்குள். வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாத மாணவர்கள் டீசேர்ட் அச்சிடுகிறார்கள், கேக் செய்து விற்கிறார்கள், இணையத்தில் வகுப்பெடுக்கிறார்கள்.

பதிவில்லாமலும் இவற்றைச் செய்யலாம், வளரத்தான் முடியாது. வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க இயலாது, தொழிற்கடன் கேட்க இயலாது. தேயிலை ஏற்றுமதிக்கு இலங்கைத் தேயிலைச் சபையில் பதிய வேண்டும். அதற்கும் வியாபாரப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். பதுளையில் அரசின் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொழில்முயற்சிக்கும் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பட்டங்களே வழங்குகிறது. அதே அரசின் இன்னோர் அலுவலகம், கொழுந்து பறிப்பவரின் மகள் தன் தேயிலைப் பொதிக்கு ஒரு பெயர் பதிய வந்தால் உறுதி எங்கே என்கிறது.

இட உரிமையாளரின் சம்மதக் கடிதம் கொண்டுவரலாமே என்று பதில் வரும். அந்தக் கடிதத்தைத் தந்தாக வேண்டும் என்று தோட்ட முகாமையாளரைக் கட்டுப்படுத்துவது எதுவுமில்லை; கிடைப்பதும் கிடைக்காததும் அவர் மனம்போல. மிஞ்சும் வழி, நகரத்தில் தெரிந்த கடைக்காரரின் முகவரியில் பதிவது. தொழில் லயத்தில் நடக்க, பதிவேடு வேறிடம் காட்டும். இப்படிப் பொய் எழுத மாணவரைத் தள்ளுவது அவர்களின் குறும்பல்ல, விதியின் கோளாறு.

வாக்காளர் இடாப்பிலும் தேசிய அடையாள அட்டையிலும் இதே தோட்ட முகவரிதான் இருக்கிறது. வாக்குக் கேட்டு வருவோருக்குப் போதுமான முகவரி வியாபாரத்துக்கு மட்டும் போதாமல் போவது அநீதி. வீட்டிலிருந்து நடத்தும் சிறு தொழில்களுக்கு வாக்காளர் இடாப்புப் பதிவையும் அடையாள அட்டையையும் கிராம அலுவலர் அறிக்கையோடு சேர்த்து ஏற்கும்படி மத்திய மாகாண நிர்வாகம் பிரதேச செயலகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். லய அறை ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, கடிதத்தை வாசலிலேயே கொடுக்கும் பொறுப்பைத் தபால் திணைக்களம் ஏற்க வேண்டும். இரண்டுக்கும் புதிய காணியோ பெருஞ்செலவோ தேவையில்லை.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்.