டிஸ்டன்ஸ் காலரும் புதிய பிரேக் விதியும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட வரைவு அறிவிக்கையை நம் வாசகர்களில் பலர் இதற்குள் படித்திருப்பார்கள். படிக்காதவர்களுக்கும் டீக்கடையிலோ உதிரிபாகக் கடை வாசலிலோ அதன் சாரம் வந்து சேர்ந்திருக்கும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு), அதற்கு உட்பட்ட வண்டிக்குச் சிபிஎஸ் (முன், பின் பிரேக்குகள் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு) போதும் என்றிருந்த பாகுபாட்டை நீக்கி, 2026 ஜனவரி 1 முதல் தயாராகும் எல்2 வகை இருசக்கர வாகனங்கள் அனைத்துக்கும், அதாவது 50 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினோ மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகமோ உடைய யாவற்றுக்கும், ஐஎஸ் 14664 தரத்துக்கு இசைந்த ஏபிஎஸ் அவசியம் என்கிறது அந்த வரைவு. ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் 30 நாட்களுக்குள் தெரிவிக்கும்படியும் அப்போது கேட்டிருந்தார்கள். கேட்ட பிறகு மௌனமாக இருந்துவிட்டுப் பின்னால் பட்டறையில் உட்கார்ந்து புலம்புவது நமக்கு அழகல்ல.

விதியை நாம் ஆதரிக்கிறோம். விலை ஏறும் என்ற வாதம் தயாரிப்பாளர்களுடையது. அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மழை பெய்து ஓய்ந்த தார்ச்சாலையில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கிய வண்டிகளின் வளைந்த ஃபோர்க்கையும் நசுங்கிய டேங்கையும் வருஷக்கணக்காக நிமிர்த்திக் கொண்டிருக்கும் நாம், அந்தச் சறுக்கலைத் தடுக்கும் ஒரு சாதனத்தை எதிர்ப்பதற்கு நியாயமில்லை. நம்முடைய ஆட்சேபணை விதியில் எழுதியிருப்பதைப் பற்றியதல்ல. எழுதாமல் விட்டதைப் பற்றியது.

ஏபிஎஸ் யூனிட்டுக்குச் சாலையைப் பற்றித் தெரிவதெல்லாம் சென்சார் ரிங்கின் துளைகள் வழியாகத் தெரிவதுதான். ரிங் ஹப்போடு சுற்றுகிறது. சென்சார் ஃபோர்க்கோடு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியைக் காப்பது ரிங்கும் அல்ல, சென்சாரும் அல்ல. ஹப்பைத் தாங்கும் இரண்டு வீல் பேரிங்குகள். பேரிங்கில் ஆட்டம் கண்டால் ரிங்கும் ஆடுகிறது, துடிப்பு தாறுமாறாகிறது, யூனிட் தன்னைத்தானே விலக்கிக்கொண்டு மீட்டரில் மஞ்சள் விளக்கை எரிய விடுகிறது. பழைய டிரம் வண்டியில் பேரிங் போனால் ஊளைச் சத்தம் கேட்கும், ஹேண்டில் நெளியும், ஓட்டுபவர் நம்மிடம் வருவார், அவ்வளவே. இந்த விதி அமலானால், நாட்டில் விற்கும் ஒவ்வொரு புதிய வண்டியிலும், ஒரு சிறு பேரிங்கின் நிலைமையே பிரேக் சாதனத்தின் நிலைமையாகப் போகிறது. விதியை இயற்றியவர்கள் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பார்த்ததாக வரைவில் அடையாளமில்லை.

பளுவினால் ஒரு வீல் பேரிங் சாவது அபூர்வம் என்பதை நம் தொழிலில் வெகுகாலம் இருப்பவர்களே மறந்துவிடுகிறார்கள். 1947-இல் ஸ்வீடனில் லுண்ட்பெர்க்கும் பால்ம்கிரெனும் வகுத்த ஆயுள் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். நம் கைக்கு அன்றாடம் பழகிய 6301 பேரிங்கின் டைனமிக் கெபாசிட்டி 10.1 கிலோநியூட்டன். அதிர்ச்சிக்கும் பள்ளத்துக்கும் தாராளமாகச் சேர்த்து ஒவ்வொரு பேரிங்கின் மேலும் 100 கிலோ பளு என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேரிங்குகள் 100 கோடிச் சுற்றுகளைத் தாண்ட வேண்டும். 17 அங்குலச் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் என்று பெருக்கினால் 18 லட்சம் கிலோமீட்டர்! ஆனால் நம்மிடம் வரும் பேரிங்குகளோ 15 ஆயிரத்திலும் 20 ஆயிரத்திலும் மூச்சை விட்டுவிட்டு வருகின்றன. ஆகவே அவை தேய்ந்து போனவை அல்ல, கொல்லப்பட்டவை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

கொன்றவர்களில் நாமும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். உள்வளையத்தின் மேல் பஞ்ச் வைத்துச் சுத்தியால் தட்டி இறக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்த அடி அத்தனையும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகிறது. 6301-இன் ஸ்டாட்டிக் கெபாசிட்டியோ சுமார் 420 கிலோ. ஒரு சுத்தி அடி அந்த அளவைக் கணப்பொழுதில் மீறிவிடும். ஓடுபாதையில் விழுந்த குழி கண்ணுக்குத் தெரியாது; 2,000 கிலோமீட்டரில் காதுக்குத் தெரியும். கழற்றும்போதும் அடி உள்வளையத்தில்தான் விழுகிறது என்பதால், ஒருமுறை கழற்றிய பேரிங்கைத் துடைத்துக் கிரீஸ் வைத்து மறுபடி போடுவது சிக்கனமல்ல. அதே போல, நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஹப்பின் மேல் வாட்டர் வாஷ் குழாயை நேராகப் பிடிக்கிறோம். குளிர்ந்து சுருங்கும் உட்காற்று, சீல் உதட்டோரம் நிற்கும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. சென்டர் ஸ்டாண்டுக்கு வெல்டிங் வைக்கும்போது எர்த்தை வேறொரு மூலையில் கவ்வ விட்டு, மின்சாரத்தைப் பேரிங் வழியாகப் பாய விடுகிறோம். இவையெல்லாம் நம் கையில் உள்ளவை, திருத்திக்கொள்ளலாம். லாரியில் கட்டி ஏற்றிய புது வண்டி, சக்கரம் சுழலாமல் பல நூறு கிலோமீட்டர் குலுங்கிக்கொண்டே போவதால் ஓடுபாதையில் குண்டுக்குக் குண்டு பதியும் பொய்க்குழிகள் மட்டும் நம் கையில் இல்லை.

ஆனால் இந்த எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேரிங்குகளைக் கொல்வது எது என்று யாராவது கேட்டால், இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் நாம் என்ன சொல்வோம் என்பதை முன்கூட்டியே அறிவார்கள். டிஸ்டன்ஸ் காலர்! இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே, ஹப்பின் இருட்டில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் அந்தச் சாதாரண இரும்புக் குழாயைப் பற்றி நாம் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது; இந்த ஆசிரியருக்குக் காலர் பித்து என்று நண்பர்கள் பரிகசிப்பதும் தெரியும். பரவாயில்லை, இன்னொருமுறை எழுதுகிறோம்.

ஆக்சில் நட்டை இறுக்கும் விசை ஃபோர்க்கிலிருந்து உள்வளையத்துக்கும், அங்கிருந்து காலருக்கும், காலரிலிருந்து மறுபக்க உள்வளையத்துக்கும், முடிவில் மறுபக்க ஃபோர்க்குக்கும் போக வேண்டுமேயன்றிக் குண்டுகளுக்கு ஒரு துளியும் போகலாகாது. 12 மில்லிமீட்டர் ஆக்சிலை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் உண்டாகும் பிடி ஏறக்குறைய 2 டன். காலர் சரியாக இருக்கும் வரையில் அந்த 2 டன்னைக் காலரே சுமக்கிறது. காலர் சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டாலோ, அல்லது முன்பு கை வைத்தவர் அதைப் போடவே மறந்துவிட்டாலோ, நட்டு இறுக இறுக இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து, குண்டுகளை ஓடுபாதையின் விளிம்பில் ஏற்றி நெரிக்கின்றன. பேரிங் அசலோ போலியோ, யார் செய்ததோ, அந்த நெரிப்புக்குத் தப்பாது. இரண்டாவது பேரிங்கை இறக்கும்போது அது காலரைத் தொட்ட மாத்திரத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அறியாமல், ஹப்பின் தோள் வரை அடித்து இறக்கினால், காலர் சரியான நீளத்தில் இருந்தும் அதே நெரிப்புத்தான், திசை மட்டும் மாறி.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் வேண்டாம். பேரிங் போட்டானதும் ஆக்சிலைக் கையிறுக்கமாக வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பிறகு நட்டை முழு டார்க்குக்கு இறுக்கி மறுபடி சுழற்றிப் பாருங்கள். நட்டு இறுகியதும் சக்கரம் கனத்துப் போய் சீக்கிரம் நின்றால், காலரை வெளியே எடுங்கள்.

சென்ற ஐப்பசி மழையில் எம் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தது. 150 சிசி, ஒற்றைச் சானல் ஏபிஎஸ். ஊர் ஊராகப் பால் ஊற்றும் இளைஞர் அதை ஓட்டி வந்தார். "அண்ணே, ஒரே வருஷத்துல மூணு தடவை முன்பேரிங் மாத்தியாச்சு. இப்ப மஞ்ச லைட்டு வேற எரியுது. சென்சாரும் புதுசு போட்டுட்டாங்க. லைட்டு அணையல" என்றார். மாற்றியது அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் நிலையம். வாரண்டி கேட்டதற்கு, தண்ணீர் புகுந்திருக்கிறது, உபயோகிப்பவர் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பேரிங்கை இழுத்தெடுத்து விளக்கடியில் பிடித்தோம். கிரீஸ் பழுப்பாக இருந்ததேயொழிய, பால் போல வெளுத்துத் தண்ணீர் கலந்த லட்சணம் ஒன்றும் இல்லை. ஓடுபாதையின் தேய்மானத் தடம் நடுவில் இல்லாமல் ஒரு பக்க விளிம்பில் பளபளத்தது. காலரின் இரு முனைகளும் கண்ணாடி போல மெருகேறி ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தன. கடையிலிருந்து வாங்கிய புதுக் காலரோடு சேர்த்து நிமிர்த்தி வைத்து வெர்னியரில் அளந்தபோது, பழையது 0.6 மில்லிமீட்டர் குட்டை. புதுக் காலரையும் பேரிங்குகளையும் முறைப்படி போட்டோம், விளக்கு அணைந்தது. சென்சாருக்குக் கொடுத்த பணம் அந்த இளைஞருக்குத் திரும்பி வரவில்லை.

சர்வீஸ் நிலையத்து மெக்கானிக்கை நாம் குறை சொல்லவில்லை. அவர் மேஜை மேலிருந்த ஸ்கேனர் சென்சார் பழுது என்று காட்டிற்று. அவருக்குக் கொடுக்கப்பட்ட நேரக் கணக்கில் காலரை அளக்கும் நேரம் எங்கும் இல்லை. அளந்திருந்தாலும் எதோடு ஒப்பிடுவார்? சர்வீஸ் கையேடுகளை நாம் பல புரட்டிப் பார்த்தாயிற்று. டிஸ்க் தடிமனின் எல்லை உண்டு, ஆக்சில் வளைவின் எல்லை உண்டு, டயர்ப் பட்டனின் ஆழம் உண்டு. காலரின் நீளம் மட்டும் எதிலும் அகப்படவில்லை. கையேடு கைக்கு எட்டுவதே பிரயாசை. எட்டினாலும் அது ஆங்கிலத்தில். வண்டி தயாராவது ஓசூரிலும் ஒரகடத்திலும். அதைப் பிரித்துப் பூட்டுகிறவன் தமிழில் யோசிக்கிறவன். அவனுக்கு அந்த வண்டியைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் அச்சிட்டுக் கொடுக்க இத்தனை வருஷமாக ஒருவருக்கும் மனம் வரவில்லை. சில மாடல்களுக்குக் காலர் கேட்டால், ஹப்போடுதான் வரும் என்கிறது கவுண்டர். விரல் நீளக் குழாய்க்காக ஒருவன் முழு ஹப் வாங்குவானா? வாங்கமாட்டான், லேத்தில் பைப்பை வெட்டிக் கொண்டுவருவான், முனை கோணலாக இருக்கும், மூன்றாம் மாதம் பேரிங் போகும், பழி யார் மேல் விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2022-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. நல்ல காரியம். ஆனால் பழுது பார்க்கும் உரிமை என்பது டெலிபோன் எண்ணும் வாரண்டி நிபந்தனையும் ஒரே இடத்தில் கிடைப்பதோடு நின்றுவிடுமானால், பழுது பார்க்கிறவனுக்கு அதில் என்ன லாபம்? பிரேக்கைக் கட்டாயமாக்கும் அமைச்சகம் ஒன்று, பழுது பார்ப்பதைப் பேசும் துறை வேறொன்று. இரண்டும் ஒரே நகரத்தில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே கடிதம் போவதாகத் தெரியவில்லை. ஏபிஎஸ் பழுதென்று விளக்கு எரிந்த வண்டி நாளை விபத்தில் சிக்கினால், கடைசியாகச் சக்கரத்தைக் கழற்றியவன் யார் என்றுதான் முதலில் தேடுவார்கள். அவன் கையில் அளவு கொடுக்காதவன் யார் என்று ஒருவரும் தேடமாட்டார்கள். சற்றுக் காரமாக எழுதிவிட்டோம் போலும். காரத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதால் அடிக்கவில்லை.

ஆகவே அமைச்சகத்துக்கான நம் விண்ணப்பத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறோம். சென்சார் ரிங்கின் ஆட்டத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள எல்லையையும், காலரின் நீளத்தையும், பேரிங் இறக்கும் வரிசையையும் தயாரிப்பாளர் பகிரங்கமாக, வண்டி விற்கும் மாநிலத்தின் மொழியில் வெளியிட வேண்டும். காலரைத் தனி உதிரிபாகமாக விற்க வேண்டும். குறிப்பிட்ட தூரத்துக்குள் பேரிங் போனால், தண்ணீர் என்று ஒரு வார்த்தையில் தள்ளாமல், கழற்றிய பேரிங்கையும் காலரையும் வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தின் முழு வாசகம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. பட்டறையின் பெயரோடு கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்துவிடுங்கள்.

தயாரிப்பாளர்கள் காலரின் அளவைக் கொடுக்கும் வரையில் நாமே ஆரம்பிக்கலாம். இந்த மாதம் நீங்கள் சக்கரம் கழற்றும் ஒவ்வொரு வண்டியிலும், புதிதாகவோ தேயாமலோ இருக்கும் காலர் கிடைத்தால், இரு முனையும் துடைத்து, வெர்னியரில் மூன்று இடத்தில் அளந்து, மாடல், தயாரான வருஷம், முன்சக்கரமா பின்சக்கரமா என்ற விவரத்தோடு ஒரு கார்டில் எழுதி அனுப்புங்கள். முனையில் நீலம் பாய்ந்த காலரின் அளவை அனுப்ப வேண்டாம். பத்து மாடல் சேர்ந்ததும் அட்டவணையாக அச்சிடுகிறோம்.