சில்லறையும் மரியாதையும்: மயோர்க்கா தீவில் கற்ற பாடம்



கடந்த பள்ளி விடுமுறையில், இலண்டனில் பணிபுரியும் என் தம்பியின் குடும்பத்தோடு ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மயோர்க்கா தீவுக்குச் சென்றுவந்தோம். திரும்பி வந்ததும் சக ஆசிரியர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கே உணவகத்தில் எவ்வளவு டிப்ஸ் கொடுக்க வேண்டும்?" என்பதுதான். அவருடைய குடும்பமும் அங்கே செல்லத் திட்டமிட்டிருக்கிறது. ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால், அந்தக் கேள்விக்கு நான் அங்கே தவறான விடை எழுதினேன். ஒரு பெரியவர் அதைத் திருத்திக் கொடுத்தார். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தீவின் தலைநகரான பால்மாவில், பேராலயத்திற்குப் பின்புறமுள்ள குறுகிய சந்து ஒன்றில் மதிய உணவு உண்டோம். கட்டணம் 62 யூரோ. அமெரிக்கப் பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சென்றிருந்த நான், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காடு கற்பிக்கும் பெருமிதத்தோடு ஏறத்தாழ இருபது விழுக்காட்டைக் கணக்கிட்டு, 10 யூரோத் தாளும் 2 யூரோ நாணயமும் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன். தெருமுனையை அடைவதற்குள் பரிமாறிய பெரியவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். நான் பணத்தைத் தவறுதலாக வைத்துவிட்டதாக நினைத்திருக்கிறார். தவறுதலாக அல்ல, விரும்பியே வைத்தது என்று தம்பி தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் விளக்கினான். பெரியவர் சிரித்தார். நாணயத்தை வைத்துக்கொண்டு, தாளை என் கையில் திணித்துவிட்டுச் சென்றார்.

"அக்கா, இங்கே யாரும் இவ்வளவு கொடுக்க மாட்டார்கள்" என்றான் தம்பி. எனக்கோ முகம் சிவந்துவிட்டது. தாராள மனம் காட்ட நினைத்த நான் ஏன் வெட்கப்பட்டேன்? அன்று முழுவதும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் விவரங்களைத் தேடிப் படித்தேன். ஸ்பெயினில் விலைப்பட்டியலில் காணும் விலைதான் நாம் செலுத்தும் விலை. உணவகங்களுக்கான 10 விழுக்காட்டு வரி அதிலேயே அடங்கியிருக்கிறது. பரிமாறுபவரின் ஊதியத்தையும் அந்த விலையிலிருந்து முதலாளிதான் கொடுக்கிறார். மேசைக்கு வரும் ரொட்டிக்குச் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. அதைச் சேவைக் கட்டணம் என்று எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை. அன்பளிப்புக் காசை அவர்கள் 'புரொப்பினா' என்கிறார்கள். ஒருவருக்கு நலம் கூறி அருந்துதல் என்னும் பொருளுடைய பழைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. உள்ளூர் மக்கள் காப்பி குடித்துவிட்டு மீதிச் சில்லறையைத் தட்டிலேயே விட்டுச் செல்கிறார்கள். பல நேரம் ஒன்றுமே வைப்பதில்லை. அதை யாரும் குறையாக நினைப்பதுமில்லை. பல கடைகளில் இந்தச் சில்லறை 'போத்தே' எனப்படும் பொதுக் குவளையில் சேர்ந்து, எல்லாப் பணியாளருக்கும் பங்கிடப்படுகிறது.

அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி, அன்பளிப்புப் பெறும் பணியாளருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியம் 1991-ஆம் ஆண்டு முதல் மணிக்கு 2.13 டாலர்தான். அன்பளிப்பைச் சேர்த்தும் 7.25 டாலர் தேறாவிட்டால்தான் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். சில மாநிலங்களில் இதைவிட உயர்ந்த ஊதியம் உண்டு. ஆயினும், அங்கே அன்பளிப்பு என்பது பெரும்பாலும் ஊதியத்தின் ஒரு பகுதியே. வாடிக்கையாளர் முகம் கோணினால் பணியாளரின் வீட்டு வாடகை ஆட்டம் காணும்.

ஸ்பெயினில் 2025-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,184 யூரோ. ஆண்டுக்கு 14 தவணையாக அது வழங்கப்படுகிறது. விடுதி, உணவகத் தொழிலாளர்களுக்குத் தொழிற்சங்கங்கள் பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தமும் உண்டு. ஆகவே அந்தப் பெரியவர் என்னிடம் கையேந்தி நிற்கவில்லை. தம் வேலையைச் செய்தார். அதற்குரிய ஊதியம் அவருக்கு உண்டு. ஆசிரியர் தினத்தன்று ஒரு மாணவன் நீட்டும் பேனா எனக்கு மகிழ்ச்சி தருகிறது. அவனுடைய பெற்றோர் உறையில் பணம் வைத்து நீட்டினால் நான் என்ன செய்வேன்? அந்தப் பெரியவர் செய்ததைத்தான் செய்வேன்.

"அந்தத் தீவில் வாடகை விண்ணைத் தொடுகிறதாமே, வசதியுள்ள பயணி கூடுதலாகக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏறத்தாழ 1.2 மில்லியன் மக்கள் வாழும் பலேரிக் தீவுகளுக்கு, 2024-ஆம் ஆண்டில் மட்டும் 18 மில்லியனுக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். வீடுகள் பயணிகளுக்கு விடப்பட, தொழிலாளர் சிலர் வண்டிகளில் வசிக்கும் நிலை அங்கே உண்டு. அதே ஆண்டு ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் பால்மாவின் தெருக்களில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால் அவர்கள் கேட்டது வாழ வீடு. பயணிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. அன்பளிப்பை அல்ல.

இதை எனக்குத் தெளிவாக்கியவள் என் மகள். அன்றிரவு விடுதி அறையில், "அம்மா, சாப்பாடு கொண்டுவந்தவருக்குக் கொடுத்தீர்களே, நம் கட்டிலைச் சரிசெய்கிறவருக்கு ஏன் ஒன்றுமே கொடுக்கவில்லை?" என்று கேட்டாள். பதிலில்லை. பரிமாறியவரின் முகத்தை நான் பார்த்தேன். அறையைத் துடைத்தவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. நம் தாராளம் கண்ணுக்கு முன்னால் நிற்பவரைத்தான் தேடிப் போகிறது. பாத்திரம் கழுவுபவரும் கட்டில் விரிப்பவரும் அதன் கண்ணில் படுவதில்லை.

ஸ்பெயினில் விடுதி அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள் 'லாஸ் கெல்லிஸ்' என்ற பெயரில் ஒன்றுதிரண்டிருக்கிறார்கள். 'துப்புரவு செய்பவள்' என்னும் ஸ்பானியத் தொடரைச் சுருக்கி அவர்களே வைத்துக்கொண்ட பெயர் அது. வெளி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டுத் தங்கள் ஊதியம் குறைந்ததை எதிர்த்து அவர்கள் போராடினர். துறைக்கான கூட்டு ஒப்பந்த ஊதியத்தைவிடக் குறைவாகத் தனி நிறுவன ஒப்பந்தம் செய்துகொள்வதை 2021 இறுதியில் வந்த தொழிலாளர் சட்டத் திருத்தம் தடுத்தது. குனிந்து குனிந்து முதுகு ஒடியும் அவர்களுக்காக, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கட்டில்களை விடுதிகள் வைக்க வேண்டும் என்று பலேரிக் தீவுகள் 2022-இல் சட்டம் இயற்றின. எந்தப் பயணியின் பத்து யூரோவும் இதைச் செய்திருக்க முடியாது.

எனவே, என் கருத்து இதுதான்: அன்பளிப்பு நன்றியாக இருக்கட்டும், ஊதியமாக மாறிவிட வேண்டாம். நாம் விழுக்காட்டுக் கணக்கோடு போய் இறங்கினால், நாளை முதலாளிகளும் அதையே கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

அங்கே செல்லவிருப்போருக்குச் சில குறிப்புகள்:

1. காப்பிக்கும் வாடகை வண்டிக்கும் மீதிச் சில்லறையை விட்டுவிட்டால் போதும். மனம் நிறைந்த உணவுக்கு ஓரிரு யூரோவோ சற்றுக் கூடுதலாகவோ வைக்கலாம்.

2. அட்டையில் பணம் செலுத்தினாலும் அன்பளிப்பை நாணயமாகக் கொடுங்கள். கருவி விழுக்காடு கேட்டால் தயங்காமல் மறுக்கலாம்.

3. அறைப் பணியாளருக்கு நாளுக்கு ஓரிரு யூரோ வையுங்கள். 'கிராசியாஸ்' என்று எழுதிய தாளோடு வையுங்கள். இல்லாவிட்டால் மறந்துவைத்த பணமென்று அவர் தொடமாட்டார். நாளுக்கு நாள் ஆள் மாறலாம் என்பதால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

4. விடுதியில் வாங்கப்படும் சுற்றுலா வரிக்கு முணுமுணுக்காதீர்கள். 2016 முதல் நடப்பிலுள்ள அந்த வரி, தீவின் இயற்கையைப் பேணுவது போன்ற பணிகளுக்குச் செல்கிறது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது இல்லை.

மறுநாள் காலை மகளே தாளில் எழுதி நாணயத்தை வைத்தாள். ஈரத் துண்டுகளை ஓரிடத்தில் குவித்தாள். தரையில் கிடந்த மிட்டாய்த் தாளைப் பொறுக்கினாள். நாணயத்தைவிட அதுவே பெரிய அன்பளிப்பு என்று எனக்குத் தோன்றியது.

நம் வகுப்பறைகளையும் நாள்தோறும் ஒருவர் கூட்டுகிறார். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அடுத்த பயணத்திற்குப் பெட்டி கட்டும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன், உங்கள் ஆசிரியை.