திறமை மட்டும் போதுமா?

"திறமை இருந்தால் உன்னை யாராலும் தடுக்க முடியாது." தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு பொன்மொழி வந்து விழுகிறது. அனுப்புபவர்கள் பெரும்பாலும் என்னைப் போல பென்ஷன் வாங்குபவர்கள். அவர்களுக்கு ஒரு அமெரிக்க பேஸ்பால்காரரின் கதையைச் சொல்ல வேண்டும்.

பெயர் ஸ்டீவ் டால்கவ்ஸ்கி. 1957 முதல் 1965 வரை மைனர் லீக்கில் பந்து எறிந்தவர். மேஜர் லீக் அணிகள் தங்களுக்கு ஆள் தயார் செய்து கொள்ளும் கீழ்மட்டப் போட்டிகள்தான் மைனர் லீக். இவர் அளவுக்கு வேகமாக எறிந்தவரைப் பார்த்ததே இல்லை என்று கூட ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனால் பந்து எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது! 1960இல் ஸ்டாக்டன் அணிக்காக 170 இன்னிங்ஸில் 262 ஸ்ட்ரைக் அவுட். வாக் கொடுத்ததும் அதே 262. (வாக் என்பது கிட்டத்தட்ட நம் வைடு மாதிரி. நான்கு பந்து தப்பாகப் போனால் எதிராளி சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம்.)

1962இல் எல்மைரா அணியில் ஏர்ல் வீவர் மேனேஜராகக் கிடைத்தார். ஆயிரம் யோசனை சொல்லிக் குழப்பாமல், எளிமையாக எறியச் சொன்னார். அந்த ஆண்டு 160 இன்னிங்ஸில் 192 ஸ்ட்ரைக் அவுட், 114 வாக். ஆறாவது வருஷத்தில்தான் அவரைப் புரிந்துகொண்ட ஒரு ஆள் வந்தார்! 1963 மார்ச்சில், மேஜர் லீக் வாசலில் நிற்கும்போது முழங்கை போயிற்று. பிறகு கலிபோர்னியாவில் வயல் கூலி வேலை, குடி. 2020இல் கொரோனாவில் இறந்தார்.

"குடித்துக் கெட்டான்" என்று ஒரே வரியில் கதையை முடிப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. குடித்தார், மறுக்கவில்லை. ஆனால் கை போனவனைத் தாங்க அந்தத் தொழிலில் என்ன இருந்தது? மேஜர் லீக்கில் ஒரு நாள்கூட ஆடாதவருக்கு மேஜர் லீக் பென்ஷன் கிடையாது. 2018இல்கூட, 2,000 பக்கத்துக்கு மேற்பட்ட செலவின மசோதாவுக்குள் ஒரு சட்டத்தைச் செருகி, மைனர் லீக் ஆட்டக்காரர்களைக் குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் பாதுகாப்பிலிருந்து விலக்கினார்கள். அதற்கு "அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்" என்று பெயர் வேறு!

நிலைமையை மாற்றியது யாருடைய வேகப்பந்தும் அல்ல. 2022இல் அவர்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023 ஒப்பந்தத்தில், மைனர் லீக்கின் மேல்தட்டில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது.

பொன்மொழி அனுப்பும் நண்பர்களே, ஒரு கேள்வி. நம் கணக்கில் மாதாமாதம் விழும் பென்ஷன் நம் திறமைக்காகவா வருகிறது? யாரோ கொடி பிடித்து, வாயிலில் கோஷம் போட்டு, சம்பளம் இழந்து வாங்கித் தந்தது அது. பேரனுக்குத் திறமையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.