எழுந்ததும் தலை சுற்றினால்

சந்நிதியில் விழுந்து வணங்கி எழுகையில் தலை சுற்றுகிறது என்று, தைராய்டு மாத்திரை உட்கொள்ளும் அன்பர்கள் சிலர் கூறுவதுண்டு. பழியை மாத்திரையின் மீது சுமத்தி அதனை நிறுத்திவிடுதல் முறையன்று. காரணத்தை அறிதல் வேண்டும்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் இரத்தக் குழாய்கள் இறுகி, இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு உயர்வதுண்டு. மாத்திரையால் சுரப்பு சீரானதும் அழுத்தமும் தணியும். அதன் பின்னரும் அழுத்த மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால், அழுத்தம் மிகத் தாழக்கூடும்.

மற்றொரு காரணம் அரியது, ஆயினும் அபாயமானது. உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கியவர்களுள் சிலருக்கு, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியும் பழுதுபடும். அது சுரக்கும் கார்ட்டிசால் குறைந்திருப்பதை அறியாமல் தைராய்டு மாத்திரையைத் தொடங்கினால், வரவு குன்றிய கணக்கில் செலவு பெருகினாற்போல, எஞ்சியதும் விரைந்து தீரும். உயிருக்கே ஆபத்து நேரலாம். தீராத சோர்வு, உடல் மெலிவு, உப்பின் மீது வேட்கை, உள்ளங்கை ரேகைகள் கறுத்தல் ஆகியன இதன் அறிகுறிகள். காலை 8 மணியளவில் செய்யும் கார்ட்டிசால் இரத்தப் பரிசோதனை உண்மையை அறிய உதவும்.

5 நிமிடம் படுத்திருந்து அழுத்தத்தை அளந்து, எழுந்து நின்று 3 நிமிடங்களுக்குள் மீண்டும் அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், இரு அளவுகளையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கத்துடன் வாந்தியும் சேர்ந்தால், தாமதியாது மருத்துவமனைக்கு விரையுங்கள். மாத்திரையை நாமே நிறுத்துவதும் வேண்டா; உப்பை நாமே கூட்டுவதும் வேண்டா.