லேபிளில் தொடங்கும் குப்பை

காயலான் கடையில் நிறமற்ற பெட் பாட்டிலுக்குக் கிடைக்கும் விலை பச்சைக்கும் கறுப்புக்கும் கிடைப்பதில்லை. நிறமற்றதை உருக்கி எந்த நிறத்திலும் வார்க்கலாம். சாயம் ஏறியதை அடர்நிறப் பொருளாக மட்டுமே ஆக்க முடியும். மேலே போர்த்தும் உறை இன்னும் பெரிய கேடு. சூடு பட்டதும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறைகளில் பல, பிவிசியால் ஆனவை. பெட், பிவிசி இரண்டுமே நீரைவிடக் கனமானவை என்பதால், அரைத்துத் தொட்டியில் போட்டால் சேர்ந்தே மூழ்கும். பெட் உருகும் 250 டிகிரி சூட்டில் பிவிசி சிதைந்து அமில வாயுவைக் கக்கும். சிறிதளவு கலந்தாலே மொத்தச் சரக்கும் மஞ்சளாகி வலுவிழக்கும். பிவிசி கெட்ட பொருளல்ல. குழாயானால் பல்லாண்டு உழைக்கும். சில நாளில் காலியாகும் பாட்டிலுக்கு அதைப் போர்த்துவதுதான் தவறு.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடைசெய்த 14 வகைப் பொருள்களில் இத்தகைய பாட்டில்களும் வார்ப்பு டப்பாக்களும் பெரும்பாலும் இல்லை. மத்திய அரசின் 2022 விதியோ, கெட்டிப் பிளாஸ்டிக் கலன்களில் 2025-26இல் 30 விழுக்காடும் 2028-29இல் 60 விழுக்காடும் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்கிறது. லேபிளைக் கண்டுகொள்ளாமல் அவ்வளவு தூய சரக்கை எங்கிருந்து திரட்டுவது? கண்ணைக் கவராத டப்பா விற்காது என்பார்கள். ஜப்பானியப் பான நிறுவனங்கள் 2001லேயே வண்ண பெட் பாட்டிலைக் கைவிட்டன, வணிகம் நின்றுவிடவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவைப் பாருங்கள்: அச்சிட்ட பாலிபுரொப்பிலீன் தாளை அச்சுக்குள் வைத்து, அதே பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்துகிறார்கள். படமும் டப்பாவும் ஒரே பொருளாகிவிடுகின்றன. மறுபடி உருக்கும்போது மை கலந்து நிறம் மங்கும் என்பது உண்மை. ஆனாலும் வாளி வார்க்க அது போதும். சிறு பட்டறைகளால் இப்படி வார்க்கும் இயந்திரத்தை வாங்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அவர்கள் அதை வாங்கவும் வேண்டாம். பெட் பாட்டிலில் பிவிசிக்குப் பதில் பாலிபுரொப்பிலீன் லேபிளை, கழுவினால் விடும் பசையால் ஒட்டினால் தொட்டியில் தானே மிதந்து பிரியும். பெயர் புடைத்துத் தெரியும்படி வார்ப்பச்சிலேயே வெட்டிவிட்டால் செலவு ஒருமுறைதான்.

இந்த மாற்றத்தைத் தொடங்க நெய்வேலி நகரியம் பொருத்தமான இடம். அனல்மின் நிலையச் சாம்பல் சிமென்டுக்கும் செங்கலுக்கும் போவது, அதைத் தனியே பிடித்துச் சேர்ப்பதால்தான் என்பது அந்த ஊருக்குத் தெரியும். வட்டம் வட்டமாக எழுப்பப்பட்ட நகரியத்தை என்எல்சி நிறுவனமே நிர்வகிக்கிறது. உணவகத்துக்கும் மருத்துவமனைக்கும் பொருள் வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில் ‘நிறமற்ற பாட்டில், பிவிசி உறை கூடாது’ என்று ஒரு வரி சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியின் தின்பண்டக் கடைகளுக்கும் அதே நிபந்தனையை விதிக்கலாம்.