சும்மா கிடக்கும் அலைக்கற்றை யாருக்கு?

அலைக்கற்றைப் பகிர்வு தோற்றுவிட்டதாம். ஏலம் விட்டு ஒருவரிடமே ஒப்படைப்பதுதான் வழியாம். இந்த வாதம் பழைய குறை ஒன்றின் மேல் நிற்கிறது. காலியிடத்தைக் கருவியே கேட்டறியும் முறையில் ஓட்டை உண்டு, மறுக்கவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கருவிக்கு உரிமையாளரின் சமிக்ஞை எட்டாது. காலி என்று நம்பி அது இடையூறு செய்யும். ஆனால் தொலைக்காட்சி அலைவரிசைகளில், இருப்பிடத் தரவுத்தளத்தைக் கேட்டு இயங்கும் கருவிகளுக்கு, அப்படிக் கேட்டறிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2010-லேயே நீக்கிவிட்டதே!

அங்கே 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை நடப்பதைப் பாருங்கள். முதல் உரிமை கடற்படை ரேடாருக்கு. அடுத்து, 2020-இல் ஏலம் எடுத்தவர்கள். மூன்றாவதாக, ஏலமே எடுக்காத பொதுப் பயனர்கள். கரையோர உணரிகள் ரேடாரைக் கண்டுபிடித்ததும், அலைவரிசையைப் பங்கிடும் கணினி அமைப்பு மற்றவர்களை அங்கிருந்து விலக்குகிறது. ஏலம் எடுத்தவர் பயன்படுத்தாத இடம்கூடப் பொதுப் பயனருக்குக் கிடைக்கிறது. ஏலமும் பகிர்வும் ஒன்றுக்கொன்று பகை என்பதே பொய். ஒருவருக்கே உரிமை கேட்பவர்கள், அந்த ரேடார்களை எங்கே, யார் செலவில் இடம் மாற்றுவது என்று முதலில் சொல்லட்டும்.